தலை வேணுமெண்டால்

"சனிக்கிழமை ஆடு வெட்டுறம்.
தலை வேணுமெண்டால்
வெள்ளிக்கு முன்னம் சொல்லுங்கோ."

இவ்வளவுதான் எழுதினேன்.
கொலை மிரட்டலாம்.
கடையின் பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள்.
ஆறு வருடம், பதினோராயிரம் பேர்.

மேல்முறையீடு என்றொரு பொத்தான்.
அமத்தினேன்.
நாலு நிமிடத்தில் பதில்:
கவனமாகப் பரிசீலித்தோம்.

யார் பார்த்தது? எந்த மொழியில்?
யாருடைய கழுத்தைக் கண்டார்கள்
என் ஆட்டுத் தலையில்?

வெளியே, ஸ்காபரோ முழுக்க
உப்புத் தூவிக்கொண்டு போகிறது லொறி.
உள்ளே குகனேசன்
தராசின் முகத்தைச்
சனத்தின் பக்கம் திருப்பி வைத்து
நிறுக்கிறார்.
யோகராணி அக்கா அதைப் பார்ப்பதேயில்லை.
"எலும்பைக் குறையுங்கோ" என்கிறா.

அதே மூன்று வரியை
மட்டையில் எழுதிக்
கதவில் ஒட்டினேன்.
பொலிசுக்கு ஒருவரும் அடிக்கவில்லை.
ஒன்பது தலைக்குச்
சொல்லியாச்சு.