ஏழாம் வரைவு

சாந்தியாகோவில் ஜூலைக் குளிர்.
அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
என் வேலை குறிப்பெடுப்பது:
யார் சொன்னார், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு.
யாருக்காகச் சொன்னார் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

முதல் வரைவில் அந்த வாக்கியம்
மூன்றே சொல்.
இனிப்புப் பானம் வேண்டாம்.

பேராசிரியர் லாரேனாஸ் தொண்டையைச் செருமினார்.
பல்கலைக்கழகத்தில் அவருடைய இருக்கை
ஒரு தயிர் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது.
இங்கே அமர்ந்திருந்தது அரசாங்க நாற்காலியில்.
எந்த நாற்காலி பேசுகிறது என்று
காதால் பிரிக்க முடியவில்லை.
"வேண்டாம் என்பது அறிவியல் இல்லை,
அதட்டல்."
10.42. எழுதிக்கொண்டேன்.

மதியத்துக்குள் 'வேண்டாம்', 'குறைக்கவும்' ஆயிற்று.
மறுவாரம் 'அளவோடு'.
எந்த அளவு என்று ஓர் இளம் மருத்துவர் கேட்டார்.
அடுத்த கூட்டத்தில் அவர் இல்லை.
அழைப்பு தபாலில் தவறியிருக்கலாம்.
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
இடைவேளையில் எல்லோருக்கும் தயிர்க் கப் தந்தார்கள்,
வீட்டுக்கும் ஒரு பெட்டி.

ஐந்தாம் வரைவின்போது
லினாரெஸிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தாள்
எர்மெலிந்தா வெஞ்சுலெயோ, பள்ளிச் சமையல்காரி.
பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்.
செய்தித்தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்
ஒரு பூசணிக் கீற்றை.
விதைகள் வழுக்கி
லாரேனாஸின் கோப்புவரை போயின.

"நூற்றுப் பதினான்கு பிள்ளைகள் எனக்கு.
பீன்ஸ், சோளம், இந்தப் பூசணி,
மூன்றையும் ஒரே பானையில் போட்டால்
மணியடிக்கும் முன்பே வரிசை நின்றுவிடும்.
நீங்கள் அனுப்புகிற கப் வந்ததிலிருந்து
அதை முதலில் நக்குகிறார்கள்.
அப்புறம் பானை அப்படியே திரும்புகிறது.
நிக்கானோர் என்று ஒரு பையன், ஒன்பது வயது.
முன்பல் நான்கும் கறுப்பு.
படம் பிடிக்கச் சிரிக்கச் சொன்னால்
வாயைப் பொத்துகிறான்."

மீதி நாற்பது விநாடி அவள் பேசவில்லை.
போகவும் இல்லை.

நான் எழுதியது:
'களப்பணியாளர் ஒருவரின் கருத்தும் பெறப்பட்டது.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்.
முடியும்,
நூற்று எண்பது பக்கம் சோறு இருந்தால்.
பரிமாறியவன் நான்.

ஏழாம் வரைவில் அது இப்படி வந்து நின்றது:
சமச்சீரான, சுறுசுறுப்பான வாழ்க்கைமுறையின் பகுதியாக
விரும்புவோர் இனிப்பூட்டிய பானங்களைத்
தம் தேவைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம்.
பத்துச் சொல். ஒன்றுகூடப் பொய் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

நவம்பரில் சுவரொட்டிகள் போயின.
ஒட்டினார்களா என்று பார்க்க
என்னையே லினாரெஸுக்கு அனுப்பினார்கள்.

அவள் ஒட்டியிருந்தாள்.
படம் சுவரைப் பார்த்தபடி,
வெள்ளை முதுகு நம்மைப் பார்த்தபடி.
முதுகில் தடித்த மையால் வாரச் சமையல்:
திங்கள் அவரை, செவ்வாய் மீன்,
புதன் பூசணி, வியாழன் மறுபடி பூசணி
(மலிவு என்று பக்கத்தில்).
அடியில் பெரிதாக:
தண்ணீர். வேண்டுமட்டும்.

"நல்ல தாள்" என்றாள் கரண்டியைக் கழுவிக்கொண்டே.
"எண்ணெய் தெறித்தாலும் துடைத்துவிடலாம்."

ஒரு கிண்ணம் கொடுத்தாள்.
நின்றபடியே தின்றேன். நாக்கு சுட்டது.
கப்புகள் எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்த கப்புகளில்
கொத்துமல்லி முளைத்திருந்தது.

படிவத்தில் ஒரே கேள்வி:
சுவரொட்டி சுவரில் உள்ளதா?
ஆம் என்று குறித்தேன்.
இருபது வருஷ வேலையில்
கை நடுங்காமல் எழுதிய சொல்.

நடுநிசிக்கு வீடு வந்தேன்.
ஃப்ரிட்ஜில் அந்தப் பெட்டியின் கடைசி இரண்டு கப்,
தேதி எப்போதோ தாண்டியது.
ஸ்ட்ராபெர்ரி.
கெட்டுப்போகவே இல்லை.
இரண்டையும் தின்றேன்.

12.26.
பழக்கதோஷம்,
குறித்துவைத்தேன்.