கழித்தவை

இன்றைக்கு முப்பத்தேழு பீடியைக்
கடைக்காரர் கழித்தார்.
தூளும் திரும்பவில்லை, கூலியும் இல்லை.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ரிபாயின் கழுத்தைத் தடவி டாக்டர் சொன்னார்:
தைராய்டும் உங்களைப் போலத்தான்,
நாளெல்லாம் சுற்றும்.
ஹார்மோனாகத் தேறுவது கொஞ்சம்.
தேறாததை ஒரு நொதி பிரித்து
அயோடினை மட்டும் உதறி
மறுபடி சுளகில் போடும்.

இவனுக்கு அந்த நொதி
வேலைக்கு வரவில்லை.
கட்டுக் குலையாமலே அயோடின்
சிறுநீரோடு போய்விடுகிறது.
ஈடுகட்டப் பார்த்துப் பார்த்துக்
கழுத்து வீங்கிக் கிடக்கிறது.

மாத்திரைச் சீட்டோடு மேலப்பாளையம் பஸ்.
அவன் மடியில் தூங்கினான்.
வீக்கத்தைத் தொடப் போன விரலைப்
புகையிலை நெடிக்குப் பயந்து
எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி, கோணலாய்ப் போன ஒன்றைக்
கடை பார்க்குமுன் நானே பிரித்தேன்.
நூல் தனி. இலை தனி.
தூள் ஒரு சிட்டிகை,
சுளகுக்கு.