பெரிஞ்சியாவில் ஒரு ஹீட்டர்

புந்தா அரெனாஸில் காற்று
பள்ளிக்கு வெளியே நிற்பதில்லை.
பதிவேட்டில் பெயரில்லாத மாணவன்போல
உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்காரும்.
அதன் சலசலப்பு தாங்காமல்
ஏழாம் வகுப்பின் வரலாற்றுப் பாடத்தை
விளையாட்டுக் கூடத்துக்கு மாற்றினேன்.

முந்தைய மாலை, முட்டி தேயத் தேய
சாக்பீஸால் உலகம் வரைந்தேன்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே ஆப்பிரிக்கா.
ஏணிகள் சாய்த்த சுவரோரம் சைபீரியா.
எதிர்க்கோடியில், சரியாக மூடாத கதவருகே
நாங்கள்: நீரிணை, பனி, இந்தப் பள்ளி.
நடுவில் சிவப்பு அம்புக்குறிகள்,
பாடப்புத்தகத்தில் உள்ளபடியே.

ஒரு விசில், ஆயிரம் ஆண்டு.
விசிலுக்கு மூன்று அடி.
அறுபதாவது விசில், இன்று.

"அம்பு யார் போட்டது?" என்றான் எலிசெயோ.
நான்தான்.
"நடந்தவங்களுக்கு இது தெரியுமா?"
தெரியாது.
"அப்ப அழிச்சிடலாமே."
ஷூவால் தேய்த்தான்.
நான் வாய் திறப்பதற்குள்
இன்னும் நாலு பேர் தேய்த்தார்கள்.
சிவப்பு, வெறும் புழுதி ஆயிற்று.

விசில்.
விசில்.
இரண்டு பேர் வளையத்தை விட்டு நகரவேயில்லை,
பந்து அங்கேதான் இருந்தது.
பதினைந்தாவது விசிலில் மூன்று பேர்
ஆஸ்திரேலியாவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருத்தி பாதி வழியில் திரும்பினாள்.
தப்பா டீச்சர்?
இல்லை, அப்படியும் போனார்கள்.

யெர்கோ மட்டும்
மூன்று அடி என்பதை மூன்று தாவல் என்று புரிந்துகொண்டு
அலாஸ்கா, ஆண்டிஸ், எதையும் பார்க்காமல்
தெற்குக் கதவைத் தொட்டுவிட்டான்.
தொட்டபின் திரும்பிப் பார்த்தான்.
"டீச்சர், இங்க யாருமே இல்ல."

மற்றவர்கள் பெரிஞ்சியாவில் இருந்தார்கள்.
நான் கவனிக்காமல் வரைந்துவிட்டேன்:
சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே
சுவரில் கேஸ் ஹீட்டர்.
அதற்கு முதுகைக் கொடுத்து
முதலில் உட்கார்ந்தவள் யுலெய்சி.
மராகைபோவிலிருந்து ஆறு எல்லை தாண்டி,
தூங்கியதெல்லாம் பஸ்ஸில் என்று
பள்ளி சேர்ந்த நாளில் சொன்னவள்.
இந்த ஆட்டத்தில் அவள்தான் முந்துவாள் என்று
மற்றவர்கள் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

எழுந்திரு, இது பாலம்தான், என்றேன்.
"மீன் இருக்கா?"
இருந்திருக்கும்.
"விறகு?"
குட்டைப் புதர்கள்.
"குதிரை?"
இருந்தது.
"பின்ன எதுக்கு, இருக்கிறத விட்டுட்டுப்
பறக்கிறதப் பிடிக்கணும்?"

விசில் ஊதினேன்.
யாரும் எழவில்லை.
இன்னொரு முறை ஊதினேன்.
எலும்புத் துண்டங்களும் மரபணுக்களும்
மெல்லச் சொல்லிவந்தது இதைத்தான்:
அங்கே பல்லாயிரம் ஆண்டு மனிதர்கள் இருந்தார்கள்,
பிறந்தார்கள், பல் முளைத்தது, சண்டை போட்டார்கள்.
ஒருவருக்கும் தான் பாலத்தில் நிற்பதாகத் தோன்றவில்லை.
நானோ பதினொரு வருடமாக
அவர்களை அவசர அவசரமாகக்
கடக்க வைத்திருக்கிறேன்.

ஐம்பதாவது விசிலுக்கு முன்பே
ஹெர்னால்தோ வந்துவிட்டார்,
வாளியும் துடைப்பமுமாக.
அடுத்து வாலிபால் அணி வருகிறது, தரை துடைக்கணும்.
நேராக ஹீட்டர் பக்கம் ஆரம்பித்தார்.

வடக்குக் கரை கரைந்தது.
பிறகு குதிரை மேய்ந்த இடம்.
சிலர் எழுந்து சைபீரியாவுக்கு நகர்ந்தார்கள்,
சிலர் அலாஸ்காவுக்கு,
பேசிக்கொண்டிருந்த இரண்டு தோழிகள்
ஆளுக்கொரு பக்கமாக.
யுலெய்சி காலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.
துடைப்பம் வந்தது. இன்னும் மடக்கினாள்.
"கொஞ்சம் தள்ளும்மா," என்றார் அவர், குனிந்தபடியே.
எழுந்தாள்.
பாவாடைப் பின்புறத்தில்
ஒரு கண்டத்தின் சுண்ணாம்பு.

கதவருகே யெர்கோ
இரண்டு கையையும் வீசிக் கூப்பிட்டான்.

அடுத்த வாரத் தேர்வில் ஒரு கேள்வி:
மனிதர்கள் ஏன் இடம்பெயர்ந்தார்கள்? நான்கு மதிப்பெண்.
விடைக்குறிப்பில் நானே எழுதியிருந்தேன்:
தட்பவெப்பம், வேட்டை, மக்கள்தொகை, ஆர்வம்.

யுலெய்சியின் தாளில் ஒரே வரி.
"தரை ஈரமாச்சு."

நான்கு போட்டேன்.
யெர்கோ ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான்,
பாதி பிழை, அவனுக்கும் நான்கு,
கடைசியில் கோணல் கையெழுத்தில் இருந்ததற்காக:
"போய்ச் சேர்ந்தப்போ ரொம்பக் குளிர்.
கதவு திறந்துதான் இருந்தது.
பின்னாடி யாராவது வர்றாங்களான்னு
பார்த்துக்கிட்டே இருந்தேன்."