பால் வண்டி வராத நாட்கள்

வேலிக்கம்பங்களை எண்ணித்தான்
வெள்ளத்தை அளந்தோம்.
திங்கட்கிழமை பதினேழு தெரிந்தன.
செவ்வாய் பதினொன்று.
இன்று ஆறு.
மழை இப்படியே பெய்தால்
நாளை ஆறு மட்டும்.

எங்கள் மக்காச்சோளத்தின் மேல்
மேனிங் மெத்தனமாகப் போய்க்கொண்டிருக்கிறது,
வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரன்போல.
அதன் முதுகில் ஒரு டிராம்போலின்,
யார் வீட்டுக் குளிர்பெட்டியோ,
பிளாஸ்டிக் சுற்றிய தீவன உருளைகள்,
அவற்றில் ஒன்றின் மேல்
எதையும் கவனிக்காத ஒரு கோழி.

மேட்டில் கொட்டகை.
கொட்டகையில் நூற்று முப்பத்தெட்டு மாடுகள்,
நான், என் கணவனின் தம்பி லாக்லன்,
கையுறைப் பெட்டிக்குள் சுருண்டு படுத்த
சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு ஒன்று.
அதற்கும் போக்கிடமில்லை.
வெறுங்கையால் கறக்கிறோம்.

தீவனம் வெள்ளி வரை.
டீசல் வியாழன் வரை.
இஞ்சி பிஸ்கட் மட்டும்
இந்த ஜென்மத்துக்குப் போதும்.

கணவன் பாலத்துக்கு அப்பால், டவுனில்,
பள்ளிக்கூட ஜிம்மில் படுத்துக்கொண்டு
மணிக்கொரு தரம் கேட்கிறான்:
"வீட்டுப் படியைத் தொட்டுவிட்டதா?"
"எந்தப் படி?" என்றேன்.
அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

மதியம் ஒரு ஹெலிகாப்டர்
தாழப் பறந்து எங்களை எண்ணிப் பார்த்தது.
அசைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களென்று
லாக்லன் இரண்டு கைகளையும்
பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

மடிக்கு வெள்ளச் செய்தி எட்டாது.
ஐந்து மணிக்கு அது கனக்கும்.
கறக்காவிட்டால் பால் கட்டும்,
காய்ச்சல் வரும்,
தன் பாலே அவளைச் சாய்த்துவிடும்.
டிராக்டரோடு பூட்டிய ஜெனரேட்டர்
இருமி இருமிக் கறக்கிறது.
பால் வண்டி வரும் சாலை
பன்னிரண்டடிக்குக் கீழே கிடக்கிறது.
தொட்டியோ
செவ்வாய் இரவே நிறைந்துவிட்டது.

குழாயை நான்தான் திறந்தேன்.
லாக்லன் வேறு பக்கம் திரும்பி
பிழிந்த காலுறையையே மறுபடி பிழிந்தான்.
ஆறாயிரம் லிட்டர்.
கான்கிரீட் சரிவில் வழுக்கி
பழுப்பு நீரில் இறங்கி
கொஞ்ச தூரம் வெள்ளையாகவே போனது.
பிறகு தேநீர் நிறம்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒரு சத்தம்கூட இல்லை,
அதுதான் எனக்குத் தாளவில்லை.

இன்று விடியலில்
வாசலில் ஒருத்தி கூடுதலாக நின்றாள்.
காதில் ஆரஞ்சு வில்லை, எண் ஐம்பத்திரண்டு.
எங்களுடையவை மஞ்சள்.
கழுத்தில் முள்கம்பிக் கீறல்,
முதுகெலும்பு நெடுக ஆற்றுப் புல்.
எத்தனை மைல் நீந்தினாளோ,
இயந்திரச் சத்தம் கேட்டதும்
வரிசையில் வந்து சேர்ந்துகொண்டாள்,
தன் முறைக்கு.

ஆரஞ்சு என்றால் மேலாற்று டன்ஸ்டர் பண்ணை.
வறட்சி வருடத்தில்
வற்றிய மடுவில் யார் முதலில் மோட்டார் இறக்குவது
என்று மூண்டது.
தண்ணீருக்காகத்தான்.
ஏழு வருடமாகப் பேச்சில்லை.

ஐலீன்தான் போனை எடுத்தாள்.
"ஐம்பத்திரண்டு இங்கே இருக்கிறாள்" என்றேன்.
நாற்காலி இழுபடும் சத்தம்.
"வேறு?"
"வேறு யாருமில்லை."
"எல்லாக் கேட்டையும் திறந்துதான் விட்டோம்" என்றாள்,
நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல.
"எல்லாக் கேட்டையும்."
பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு
"அவளுக்கு இடது பின்காம்பு கொஞ்சம் இறுக்கம்.
முதலில் கையால் இழுத்துவிடணும்."

கையால் இழுத்துவிட்டேன்.
இரண்டு மூன்று பீய்ச்சலில் இளகியது.
அந்தப் பாலை மட்டும் தனி வாளியில் பிடித்து
மூடி போட்டு
அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.
திரிந்துவிடும், தெரியும்.
லாக்லன் பார்த்தான்,
எதற்கென்று கேட்கவில்லை.

இருட்டுமுன்
கம்பங்களை மறுபடி எண்ணினேன்.
இன்னும் ஆறு.