மூன்று நிமிடம் முன்னதாக

காட்பாடி. மே மாதம், பகல் இரண்டு மணி.
மேம்பாலத்தில் தார் இளகுகிறது.
உள்ளே, விரல் தடிமன் கண்ணாடிக் குழாயில்
எதிர்மின் ஏறிய வெள்ளை மணிகள்
ஈரமாக, நெருக்கமாக.

சித்தூர் பஸ் நிற்கும் இடத்துக் கடையில்
ஒரு டஜன் முட்டை வாங்கினேன்.
வெள்ளைக்கருவை மட்டும் கலக்கி, வடிகட்டி, மேலே விட்டேன்.
பெருங்கூட்டம் நிற்காமல் இறங்கிப் போயிற்று,
மணிகளுக்கு அதனிடம் வேலையில்லை.
லைசோசைம் மட்டும் பிடித்துக்கொண்டது
நெரிசல் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல.

என் சமன்பாட்டில் அதற்கு ஐந்து கை.
ஐந்து இடத்தைப் பிடிக்கும்,
உடம்பின் பருமனால் இன்னும் பல இடத்தை மறைக்கும்.
உப்பு ஏற ஏற சோடியம் வந்து
ஒவ்வொரு கையாக விலக்கும்.
முப்பத்தோராவது நிமிடம் விட்டுவிடும்.
திரையில் நீலக் கோடு, என் கணிப்பு.

சிவப்புக் கோடு இருபத்தெட்டில் எழுந்தது.

நான்கு நாள், நான்கு ஓட்டம், நான்கு டஜன்.
எல்லாம் இருபத்தெட்டு.
ஐந்தை நாலரையாக்கினேன்.
சிவப்பின்மேல் நீலம் அச்சாக உட்கார்ந்தது.
அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

"நாலரைக் கைக்கு என்ன அர்த்தம்?" என்றாள் மெஹருன்னிஸா,
மேல்விஷாரத்துக்காரி, பக்கத்து மேசை.
"சராசரி."
"யாரைக் கேட்டு?"
கேட்டபடியே கடத்துதிறன் மீட்டரை
என் பஃபருக்குள் விட்டாள்.
மூன்று காட்ட வேண்டிய இடத்தில் ஆறு.

ஏகாம்பரம் ஒளிக்கவில்லை.
"வடிக்கிற மெஷின் ரிப்பேரும்மா, பதினோரு நாளாச்சு.
எழுதிப் போட்டேன், யாரும் கையெழுத்துப் போடல.
கேன் காலியா இருந்தா நீங்க கத்துவீங்க.
பின்னாடி போர் தண்ணிய புடிச்சு வெச்சேன்.
பாக்கக் கண்ணாடி மாதிரிதான இருந்துச்சு?"

இருந்தது.
பின்பக்கம் போய்க் குழாயில் ஒரு வாய் குடித்தேன்.
நாக்கின் ஓரம் கரித்தது.
மணல் மட்டும் ஓடும் பாலாறு
அடியில் சேர்த்துவைத்த உப்பு.
பாறையின் உப்பா, தோல் ஊறிய தொட்டியின் உப்பா,
மீட்டருக்குத் தெரியாது. எண் மட்டும் சொல்லும்.
நான் பம்ப்பை ஓட்டும் முன்பே
மணிகளுக்குள் புகுந்து
கைகளைத் தளர்த்திக்கொண்டிருந்திருக்கிறது.

நாலரையை அழித்தேன். மறுபடி ஐந்து.
ஆரம்ப உப்பு பூஜ்ஜியம் என்றிருந்த வரியில்
புதிதாக ஒரு மாறி சேர்த்து
பாலாறு என்று பெயரிட்டேன்.
முப்பது மில்லிமோலார்.
நீலம் நகர்ந்து இருபத்தெட்டில் நின்றது.

சிவப்பின் வால்பக்கம் ஒரு சிறு தோள் இருக்கிறது.
அது இன்னும் புரியவில்லை.
கைடு, படத்தில் வெட்டிவிடலாம் என்கிறார்.
வெட்டவில்லை.

இன்றைய மஞ்சள்கரு பன்னிரண்டும்
ஹாஸ்டல் மெஸ்ஸில் பொரியலாயிற்று.
போர் தண்ணீர்தான் அங்கேயும்.
உப்பு மட்டாக இருக்கிறது என்று
மெஹருன்னிஸா இரண்டாம் முறை வாங்கினாள்.