காலி எடை

போச்சம்பள்ளி சாலையில் எங்கள் மேடை
அறுபது டன் தாங்கும்.
அதில் ஏறுவது லாரிகள் மட்டும்.

பெங்களூரா நிரம்பி வந்தால் ஒரு எண்.
கூழ் ஆலைக்குள் கொட்டிவிட்டுத் திரும்பினால்
இன்னொரு எண்.
கழித்தால் மாம்பழம்.
இந்தக் கழித்தலுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

எடைச்சீட்டின் பின்பக்கம் யாருக்கும் வேண்டாம்.
என் நாட்டக்குறிஞ்சி வர்ணம் அங்கேதான் வளர்ந்தது.
பல்லவிக்குப் பின்னால் ஒன்பது டன் செந்தூரா.
முத்தாயி சுவரத்தில் ஈ ஒன்று நசுங்கியிருக்கிறது,
நிஷாதத்துக்குச் சற்று மேலே.
அதை முனிரத்தினம் புள்ளி என்று படித்து
ஸ்தாயி மாற்றிப் பாடினான்.
நன்றாகத்தான் இருந்தது. அப்படியே விட்டோம்.

மூன்றாம் தீர்மானம் மட்டும் என் செல்லம்.
ததிங்கிணதோம் ததிங்கிணதோம்.
பத்து.
ஒரு மாத்திரை மூச்சு. மறுபடி பத்து.
ஒன்று. பத்து.
முப்பத்திரண்டு அட்சரமும் அடைத்து
ஒரு பழம்கூட உருளாத லோடு.

உரக்கடை மாடியில் சலங்கை கட்டும் ஹம்சவேணி
ஆடி பிறக்கும் முன்பே விழுந்தாள்,
மேடையில் அல்ல,
குருபரப்பள்ளி மேம்பாலத்தடியில், ஸ்கூட்டரோடு.
வலது முழங்கால்.

ராத்திரி பதினொன்றுக்கு அவள் குரல் பதிவு வந்தது.
பின்னால் குக்கர் விசில்.
"அண்ணா, உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல.
ஒரு மாத்திரைதான் விட்டிருக்கீங்க.
எனக்கு நாலு வேணும்."
கொஞ்சம் நிறுத்திச் சிரித்தாள்.
"டாக்டர் குடுக்கிற மாத்திரை இல்ல."

நான் சிரிக்கவில்லை.
மூன்று நாள் பதில் போடவில்லை.
வேறு ஆளை ஆடச் சொல்லலாம் என்றுகூட
ஒரு சீட்டில் எழுதி, கிழித்தேன்.
வரிசையில் நாற்பது டிராக்டர்.
தோல் குவியல் புளித்த வாடை.
சித்தூர் ஓட்டுநர் ஒருவர்
சக்கரம் சக்கரமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார்,
தட்டியதும் அடுத்ததற்குப் போகாமல்
காதைச் சாய்த்து நின்றார் ஒவ்வொன்றிலும்.
"காத்து இருக்கான்னு தட்டுல தெரியாதுங்க," என்றார்,
"தட்டின பெறகுதான்."

அன்றிரவு பத்தை எட்டாக்கினேன்.
தகிட ததிங்கிணதோம்.
நாலு சும்மா.
தகிட ததிங்கிணதோம்.
நாலு சும்மா.
ஆறு போனது, ஆறு வந்தது,
அணை மதகு மாதிரி கணக்கு நேராகிவிட்டது.
மனசுக்கு மட்டும் ஆகவில்லை.

முனிரத்தினம் மின்வாரிய உடுப்போடு வந்து சண்டை போட்டான்.
"நாலு மாத்திரை கரண்ட் போன மாதிரி இருக்கும்.
மிருதங்கத்தையாவது உருட்டச் சொல்லு."
"வேண்டாம்."
"ஜனங்க தாளம் தப்பிடுச்சுன்னு நெனைப்பாங்க."
"நெனைக்கட்டும்."
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

கிருஷ்ணகிரி, ஒரு கல்யாண மண்டபம்.
சமையல்கட்டில் அண்டா கழுவும் சத்தம்.
முதல் எட்டு முடிந்து அவள் தரையோடு தரையாக.
ஒன்று.
சலங்கையே இல்லை.
இரண்டு.
தம்புரா மட்டும். ஒரு குழந்தை "ம்மா" என்றது.
மூன்றில் ஒரு மணி,
ஒரே ஒரு மணி,
எந்தக் காலில் என்று சொல்ல முடியாதபடி.
நாலில் அவள் நின்றிருந்தாள்.

நான் எழுதாத இடத்தில்
அந்த மணி எப்படி வந்தது?
பாட்டில் அது என் பங்கா, முழங்காலின் பங்கா?
கழித்துப் பார்த்தேன். வரவில்லை.

கடைசியில் எனக்கும் சால்வை போட்டார்கள்,
மாங்கூழ் ஆலை சார்பாக நன்கொடை தந்தவர் என்று.
வாங்கிக்கொண்டேன். தரமான சால்வை.

இரவுப் பணிக்குத் திரும்பும்போது மணி ஒன்றரை.
கொட்டிவிட்டு வந்த லாரி மேடையில் ஏறியது.
எண் ஏறி, இறங்கி, தயங்கி, நடுங்கியது.
"போடுங்க சார்," என்றான் கிளீனர் பையன்.
"இருப்பா," என்றேன்,
பட்டன்மேல் விரல் வைத்தபடி,
அழுத்தாமல்.