இடது பூட்ஸில் நாற்பத்து மூன்று

மூன்று நாளாகக் காலையில்
கிண்ணம் துடைத்துவைத்தாற்போல் காலி.
கெட்டிக்காரன் என்று காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டேன்.
டிப்போவில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்:
என் ஃபெரெட் உலர்தீனிக்கு மாறிவிட்டான்.
காலிக் கிண்ணத்தைப் படமெடுத்து
நோர்வேக்கு அனுப்பினேன்.

நான்காம் நாள் விடிகாலை நாலே கால்.
ட்ராம் சக்கரங்களுக்குக் கிரீஸ் வைக்க ஓடும் அவசரத்தில்
இடது பூட்ஸுக்குள் காலை விட்டேன்.
நொறுங்கியது.

கொட்டி எண்ணினேன். நாற்பத்து மூன்று.
ஒன்றில்கூடப் பல் படவில்லை.
சோபாக் கிழிசலிலிருந்து தலையை மட்டும் நீட்டி
கணக்குச் சரிதானா என்று பார்த்தான் குஜிக்.

குஜிக் என்றால் எங்கள் மொழியில் பொத்தான்.
பெயர் நான் வைத்ததல்ல.
மூன்றாம் மாடி ஜெமோவித் வைத்தது.
கண் திறந்த வாரத்திலிருந்து அவன் ஊட்டியது
கோழி இதயம், கோழி ஈரல்,
ஞாயிறானால் காடை.
மீன் தொழிற்சாலை வேலை கிடைத்ததும்
கூண்டை என் கதவோரம் இறக்கிவிட்டு
இரண்டே மாதம், ராத்கா, என்றான்.
இது பதினோராவது.

காடைக்கு நான் எங்கே போக?
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
வாடகை கொடுக்கிறவள் நான்.
என் ஃப்ரீஸரில் அரை ரொட்டி வைத்தால்
கதவு மூடாது.

டாக்டர் பிசார்ஸ்கா சொன்னார்:
சின்ன வயதில் மூக்கு எதைச் சாப்பாடு என்று படித்ததோ
அதுதான் சாப்பாடு. மற்றதெல்லாம் கூழாங்கல்.
பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்காதே.
நாலு மணி நேரம் வயிறு சும்மா இருந்தால்
இதற்குத் தாங்காது.

மாவு நிறுக்கும் தராசில் அவனை உட்காரவைத்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது.
அடுத்த வாரம் ஆயிரத்து எண்பது.
அந்த அறுபது கிராம்
என் கையில் ஒரு பெரிய எலுமிச்சை.
இருட்டில் உருட்டிக்கொண்டே படுத்திருந்தேன்.

சால்மன் எண்ணெய் விட்டுப் பார்த்தேன்.
வெந்நீரில் ஊறவைத்தேன்.
அரை நாள் கூலிக்கு ஜெர்மன் பாக்கெட் ஒன்று வாங்கினேன்,
பாக்கெட்டின் மேல் சிரிக்கிற ஃபெரெட்.
குஜிக் முகர்ந்தான், பின்னால் போனான்,
கம்பளத்தில் வாயைத் துடைத்தான்
கெட்ட வார்த்தை கேட்டவன் மாதிரி.

ஒரு ராத்திரி கோபத்தில்
நானே ஒன்றை எடுத்துக் கடித்தேன்.
அட்டைப்பெட்டி. அதற்குள் எப்போதோ வைத்திருந்த மீன்.
துப்பிவிட்டு அவனைப் பார்த்தேன்.
சரி, உன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

காப்பி அரைக்கிற மெஷினில் தீனியை அரைத்தேன்.
(இப்போது என் காப்பியில் கடல் வாசம்.)
கோழி ரசத்தில் குழைத்து
விரல் நுனியில் ஒரு வாய்.
நக்கினான். உடனே கடித்தான்.
ரத்தமும் சேர்த்து நக்கினான்,
அது பிடித்திருந்தது.

அப்புறம் பிளாஸ்திரி சுற்றிய விரல்.
அப்புறம் கரண்டி.
ரசம் குறையக் குறைய, பொடி கூடக் கூட,
பொடிக்குள் திருட்டுத்தனமாக அரை உருண்டை.
அரை உருண்டையைக் கண்டுபிடித்தால்
இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது.
திரும்ப விரல்.
ஜெமோவித் கேட்டான்: சாப்பிடுகிறானா?
நான் பதில் போடவில்லை.

நேற்று இரவு, மணி தெரியாது.
கறுக்.
கண்ணைத் திறக்கவில்லை.
கறுக், கறுக்.
எனக்கு அவசரமாகக் கழிவறை போக வேண்டும்.
கட்டில் முனகினால் நிறுத்திவிடுவான் என்று
கல்லாகக் கிடந்தேன்.
தெருவில் முதல் ட்ராம் திரும்பும்வரை
என் வாழ்க்கையில் இத்தனை உன்னிப்பாய்
யார் சாப்பிடுவதையும் கேட்டதில்லை.

காலையில் இடது பூட்ஸைக் கவிழ்க்காமல்
உள்ளே மட்டும் எட்டிப் பார்த்தேன்.
வைத்தது முப்பது.
பூட்ஸில் ஏழு.

ஏழும் அங்கேயே இருக்கட்டும்.
கோடைச் செருப்பை மாட்டிக்கொண்டு
பனியில் இறங்கினேன்.
டிப்போவில் ஏனென்று கேட்டார்கள்.
பூட்ஸுக்கு ஆள் இருக்கிறது என்றேன்.